சீர் மீனுக்குக் கராந்தேன்

சீர் என்றால் பெண் வீட்டார் கொண்டுவருவார்கள், மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்து ரெண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். சாமி வேறு வேறாக இருந்தாலும் காரைக்காலில் இந்த விஷயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே வழக்கம்தான். அமுதத்தின் சீர் மட்டும் பின்கட்டுக்குப் போனது. கொண்டுவந்த அப்பாவையும் அம்மாவையும் தெருவிலேயே நிறுத்திவிட்டு, சீரைப் பக்கத்துச் சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஏறின கோபம் அவளுக்கு லேசில் இறங்கவில்லை. ஏன் இறங்க வேண்டும்?

விஷயம் இதுதான். திருமலைராயன்பட்டினத்தை இங்கே பட்டினம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டினத்துக் கடற்கரையில் மீன் பிடிக்கிற நீலமேகத்தின் மகள் அமுதம். பத்தாவது முடித்துவிட்டு ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார்களை எண்ணி வண்டியில் ஏற்றிவிடுகிற வேலை பார்த்தாள். அங்கே மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவன் பிலோமின்ராஜ். மாசத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டிய ரீடிங்கை வாரா வாரம் எடுக்க ஆரம்பித்தான். கரண்டுத் திருட்டு என்று கேஸ் போடப் போகிறார்களோ என்று முதலாளி பயந்தே போய்விட்டார். கடைசியில் பார்த்தால் திருட்டு வேறே. எழுபத்தெட்டாம் வருஷம், தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு ரெண்டு நாள் முந்தி, ரெண்டு பேரும் மேரிக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டார்கள்.

மேரி என்றதும் மாதாவை நினைக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து இந்த ஊர்ப் பழைய ஆட்களுக்கு முனிசிபாலிட்டி என்றால் மேரிதான். "உங்க பிள்ளை மேரியிலே கட்டிக்கிட்டான்" என்று யாரோ வந்து சொன்னது பிலோமின்ராஜின் அம்மா ஆரோக்கியசெல்வியின் காதில் 'மேரியைக் கட்டிக்கிட்டான்' என்று விழுந்துவிட்டது. "எந்த மேரி? நம்ம சவரிமுத்து பொண்ணா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டாளாம். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் மருமகள் மேல் கோபம்.

அவர்கள் வீட்டுக்குக் காரைக்காலில் சொல்தா வீடு என்று பெயர். பிலோமின்ராஜின் அப்பா அடைக்கலராஜ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். சைகோன் போய், அங்கிருந்து பிரான்சின் தென்கோடியில் ஒரு துறைமுகத்தில் வருஷக்கணக்காகக் காவல் நின்றுவிட்டு, பென்சனோடு ஊர் திரும்பியவர். அந்தத் துறைமுகத்தில் பிடித்துக்கொண்ட பைத்தியம்தான் கடல்மீன் வளர்ப்பு. ஹாலில் ஆள் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. வாரம் தவறாமல் கடற்கரையிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் வரும். காற்று விட மோட்டார், சிப்பித்தூள், கல், எல்லாம் உண்டு. அதில் கீச்சான் குஞ்சுகளும் வரிமீன்களும் இருந்தாலும், ராஜா ஒரு பேத்தை மீன். கோபம் வந்தால் பந்தாக உப்பிக்கொள்ளும். அதற்கு அவர் கப்போரால் என்று பட்டாளத்துப் பதவி கொடுத்திருந்தார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் கொஞ்சியிருக்க மாட்டார்.

நீலமேகத்துக்கு ஒரே யோசனை. பென்சன் வீட்டில் என்ன இல்லை? ஃபேன் இருக்கிறது, ஃபிரிட்ஜ் இருக்கிறது. நாம் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் ஒரு மூலையில்தான் கிடக்கும். ஆனால் கடலுக்குள்ளே இருப்பதை யார் கொடுக்க முடியும்? முழுகிக் கிடந்த பழைய தோணிப் பக்கம் போய், மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட வண்ணாத்தி மீன்களை ஒரு செதில் உதிராமல் பிடித்தார். வாடகை வேனில் அலுமினிய அண்டாவை வைத்து, வழியெல்லாம் கையால் தண்ணீரை அலசிக்கொண்டே வந்தார். அவர் மனைவி கனகாம்பாள் அண்டாவின் கழுத்தில் கதம்பம் சுற்றி, குங்குமம் வைத்திருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, தெருவே வேடிக்கை பார்த்தது.

அடைக்கலராஜ் எட்டிப் பார்த்தார். முகம் ஒரு நொடி குழந்தை முகமாகிவிட்டது. மறு நொடியே பட்டாளத்துக் குரலில், "கராந்தேன்!" என்றார்.

கனகாம்பாள் திகைத்துப்போய், "என்னத்தக் கறந்தீங்க சம்பந்தி? மாட்டையே காணோமே?" என்றாள்.

"கறக்கல. கராந்தேன். புதுசா வந்த மீனு உடனே உள்ளே போகக் கூடாது. நாப்பது நாள் தனியா வச்சுப் பார்க்கணும், சீக்கு இருக்கா இல்லையான்னு. பின்கட்டுக்குக் கொண்டு போங்க."

"சீர் சாமான்ங்க அது! சீரைப் போயி கொல்லைப்பக்கம் வைக்கிறதா?"

அதற்கு அவர் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியசெல்வி முந்திக்கொண்டாள். நேற்று வரைக்கும் இதே கனகாம்பாளிடம் கூடையில் மீன் வாங்கினவள். அவள் வாயால் சம்பந்தி என்று கேட்டதே இவளுக்கு எரிந்தது. "மீனு மட்டுமில்ல, இந்தப் பொண்ணும்தான். கோயில்ல மந்திரிக்காத கல்யாணம் எங்களுக்குக் கல்யாணமே இல்ல. தவக்காலத்துல சாமியார் மந்திரிக்க மாட்டாரு. தவக்காலம் முடிஞ்சு பாஸ்கா பண்டிகை வரட்டும். ஞானஸ்நானம் வாங்கி, பாஸ்கலின்னு பேர் வச்சுக்கிட்டு, அப்புறம் இந்த வாசப்படி ஏறட்டும். அது வரைக்கும் பின்கட்டுலயே இருக்கட்டும்."

கனகாம்பாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி போயிடலாம். வேன் நிக்குது."

பிலோமின்ராஜ் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். கரண்டு ஆபீஸில் வேலை, ஆனால் ஆளிடம் கரண்டு இல்லை.

அமுதம் கையை உதறிக்கொண்டாள். "நான் வரலம்மா. இப்ப திரும்பிப் போனா அவங்க சொன்னது ஜெயிச்ச மாதிரி. இந்தச் சீரை இதே வாசல்ல, இதே அத்தை, ரெண்டு கையாலயும் வாங்கணும். என்னை என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அதுக்கு முந்தி இவங்களே வெத்தலை பாக்கு வச்சு அழைச்சாலும் இந்தப் படியில என் கால் படாது." சொன்னது தெருவுக்கே கேட்டது. பிறகு விறுவிறுவென்று சந்துக்குள் நடந்துவிட்டாள், அண்டாவுக்குப் பின்னாலேயே.

பின்கட்டு என்பது சமையல்கட்டைத் தாண்டி ஒரு முற்றம், விறகு போட்டு வைத்திருந்த ஓர் அறை, சந்துக்குத் திறக்கிற சின்னக் கதவு. முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியில் வண்ணாத்திகளை விட்டார்கள். அடைக்கலராஜ் சட்டத்தை அங்கேயே நின்று வாசித்தார். "இந்தத் தொட்டிக்கு வேற வலை, வேற மக்கு. ஹால் தொட்டிக்கு வேற. இதுல நனைஞ்ச கை அதுல படக் கூடாது. அதுல நனைஞ்ச கை இதுல படக் கூடாது. யாரு வந்து கேட்டாலும் விடாதே. நானே வந்து கேட்டாலும் விடாதே. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மாமா" என்றாள் அமுதம். நன்றாகவே புரிந்துகொண்டாள்.

ஆரோக்கியசெல்வியும் தன் பங்குக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். மருமகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். சமையல்கட்டுக் கதவு வரைக்கும் வரலாம், தாண்டக் கூடாது. கூப்பிடுவதும் "ஏய் பொண்ணு"தான். அமுதம் என்ற நாலெழுத்தைச் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. பிலோமின்ராஜ் ஹாலில் கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தான். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து சமையல்கட்டு வாசலில் நிற்பான்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. தனித் தட்டுல."

"பாஸ்கா வரைக்கும்தானே. கொஞ்சம் பொறுத்துக்க."

"உங்களுக்கென்ன, பெரிய தொட்டி. லைட்டெல்லாம் எரியுது."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவான். அவன் மேல் அவளுக்கு ஆசை குறையவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒருநாள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டே அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவி, மீனுக்கு இறால் நறுக்கிப் போட்டாள். வண்ணாத்திகள் மினுமினுவென்று ஓடியாடின. ஒன்றுக்கும் ஒரு குறை இல்லை. தினமும் குனிந்து செதில் செதிலாகப் பார்த்தாள். தன்னையே பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது. என்ன குறை கண்டார்கள்?

தவக்காலத்தில் அந்த வீட்டில் கறி கிடையாது, மீன்தான். வெள்ளிக்கிழமை கனகாம்பாள் கூடையோடு பஸ் ஏறி வந்து சந்துக் கதவில் நிற்பாள். மகளைப் பார்க்க அது ஒரு சாக்கு. ஒரு வெள்ளிக்கிழமை ஆரோக்கியசெல்வி வெளியே வந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, சங்கரா மீனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்குப் போனாள். அமுதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் அத்தை, அந்த மீனுக்குக் கராந்தேன் இல்லையா? காலையில கரைக்கு வந்தது, மத்தியானம் உங்க வயித்துக்குள்ளயே போயிடுதே?"

"கொழம்புக்குப் போற மீனும் கண்ணாடிக்குள்ள போற மீனும் ஒண்ணாடி?"

"அப்ப திங்கிறதுக்கு ஆகும், வீட்டுல வச்சுக்கிறதுக்குத்தான் ஆகாது."

சமையல்கட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கனகாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏண்டி, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்றாள். ஆனால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

பாதித் தவக்காலம் போனபோது ஆரோக்கியசெல்வியின் தம்பி அற்புதராஜ் பாண்டிச்சேரியிலிருந்து வந்தார். கூலிங் கிளாஸ், செண்டு வாசனை, கையில் காற்றடைத்துக் கட்டின பாலிதீன் பை. பைக்குள்ளே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒன்று. மெட்ராஸில் ஒரு கப்பல் கேப்டன் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்ததாம். வீடே கூடிவிட்டது. ஆரோக்கியசெல்விக்குத் தரையில் கால் பாவவில்லை. அடைக்கலராஜ் பையை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சமையல்கட்டு வாசலில் நின்ற அமுதம் சத்தமாகக் கேட்டாள்: "மாமா, புது மீனு. கராந்தேன் எங்க?"

அடைக்கலராஜின் கை பையின் முடிச்சில் அப்படியே இருந்தது. அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆரோக்கியசெல்விதான் சீறினாள். "என் தம்பி கொண்டாந்த மீனை விறகு ரூம்ல வைக்கச் சொல்றியா? இது என்ன சேத்துல பொறுக்கினதா? கேப்டன் வீட்டுல வளந்தது!"

"நல்ல இடத்து மீன்தான்..." என்று அவர் முனகினார். அற்புதராஜின் முகத்தைப் பார்த்தார், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார், முடிச்சை அவிழ்த்துவிட்டார். பையோடு இருந்த தண்ணீரும் சேர்ந்தே தொட்டிக்குள் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

நல்ல இடத்து மீன்! பெண்ணுக்குச் சொல்கிற வார்த்தையை மீனுக்குச் சொல்கிறார் மனுஷன். அமுதம் முற்றத்துக்கு வந்து தன் வண்ணாத்திகளிடம், "கேட்டீங்களாடி? நாமதான் கெட்ட இடம்" என்றாள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஆரஞ்சு மீன் கல்லில் போய் விலாவை உரச ஆரம்பித்தது. அதன் மேல் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ரெண்டொரு நாளில் அந்த ரவை கீச்சான்கள் மேலும் தெரிந்தது. ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கி, பக்கவாட்டில் சாய்ந்தன. அடைக்கலராஜ் தண்ணீரை மாற்றினார், என்னென்னவோ மருந்து கரைத்தார். காலையில் எழுந்தால் ஒரு மீன் மிதந்துகொண்டிருக்கும். மனுஷன் சவரம் செய்துகொள்வதைக்கூட நிறுத்திவிட்டார். ஆரோக்கியசெல்வி கண்ணாடித் தொட்டியின் மேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடினாள். தம்பி பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் அடைக்கலராஜ் பின்கட்டுக்கு ஓடிவந்தார். கையில் மக்கு, மக்கில் கப்போரால். அதன் வெள்ளை வயிற்றிலும் புள்ளிகள். உப்பிக்கொள்ளக்கூட அதற்குத் தெம்பில்லை. "நகரு, நகரு. இந்தத் தண்ணி நல்லா இருக்கு. இதுல விட்டா பொழைச்சுக்கும்."

அமுதம் சிமெண்டுத் தொட்டிக்குக் குறுக்கே போய்க் கையை விரித்து நின்றாள். "விட மாட்டேன்."

"செத்துப் போயிடும்!"

"நானே வந்து கேட்டாலும் விடாதேன்னு சொன்னது யாரு மாமா?"

அவர் மக்கைப் பிடித்தபடி நின்றார். பட்டாளத்தில் நிமிர்ந்த உடம்பு குலுங்கியது. அந்தக் குண்டு மீனை அவளுக்கும் பிடிக்கும். சமையல்கட்டு வாசலிலிருந்து எத்தனை நாள் அதன் உருட்டு முழியைப் பார்த்திருக்கிறாள். ஆனால் விட மாட்டாள். பிடித்த மீனாக இருந்தாலும் விட மாட்டாள். உள்ளே போய், தான் குளிக்கிற வாளியைக் கொண்டுவந்து மூலையில் வைத்தாள். "அண்டாவுல நேத்து வந்த கடல் தண்ணி இருக்கு. இதுல ஊத்தி விடுங்க. கப்போராலுக்கும் கராந்தேன். வேற மக்கு, வேற வலை. என் தொட்டிப் பக்கம் உங்க நனைஞ்ச கை வரக் கூடாது."

அவர் அப்படியே செய்தார். பழைய பழக்கம் திரும்பிவிட்டது. தினமும் வேறு வாளிக்கு மாற்றுவது, காலியான வாளியைக் கழுவி வெயிலில் காயப்போடுவது, புதுத் தண்ணீர் ஊற்றுவது. பிலோமின்ராஜ் விடியற்காலையில் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்வந்தான். முதல் நாளுக்குப் பிறகு பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத அடைக்கலராஜ் விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்து காப்பி குடிக்க ஆரம்பித்தார். ஒருநாள் அவள் டம்ளரையே தெரியாமல் எடுத்துக் குடித்துவிட்டார். அமுதம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். கப்போரால் மெல்ல இறால் தின்ன ஆரம்பித்தது.

பாஸ்காவுக்கு முந்தின பெரிய வாரத்தில் பங்குச்சாமியார் சந்துக் கதவு வழியாக வந்தார். ஆரோக்கியசெல்வி அனுப்பித்தான் வந்தார்.

"சாமி, எனக்கு உங்க மேல கோபமில்ல, மாதா மேலயும் இல்ல" என்றாள் அமுதம். "வாசக்கதவைத் திறக்க என் பேரை வெலையா கேக்குறாங்க. அதைத்தான் குடுக்க மாட்டேன்."

சாமியார் தாடையைத் தடவினார். சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "கேக்காதவ தலையில தண்ணி ஊத்தினா அது குளிச்ச கணக்கும்மா, ஞானஸ்நானம் இல்ல" என்றார். "இவ இப்படியே இருந்தாலும் ஆயர்கிட்ட அனுமதி வாங்கிக் கல்யாணத்தை மந்திரிக்கலாம். நீதான் அதைக் கேக்கவே இல்லையே?" உள்ளே பாத்திரம் ஒன்று தடாலென்று விழுந்தது.

பாஸ்கா ஞாயிறு வந்தது. பூசை முடிந்து உறவுக்காரர்கள் பிரியாணி வாசனைக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். அற்புதராஜும் கூலிங் கிளாஸோடு வந்து, "என் மீனு எப்படி இருக்கு?" என்று பெட்ஷீட்டைத் தூக்கினார். உள்ளே கலங்கின தண்ணீர்தான் இருந்தது. ஆரோக்கியசெல்விக்கு மானம் போயிற்று. சமையல்கட்டுக்கு ஓடிவந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏய் பொண்ணு, நாப்பது நாளுதான் ஆயிடுச்சே. அந்த மஞ்சள் மீனையெல்லாம் கொண்டாந்து ஹாலுல விடு. நீயும் பொடவையை மாத்திக்கிட்டு உள்ள வா. பேரு சமாசாரம் அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் எதிர்பார்த்தது கண்ணீரும் கும்பிடும். அமுதம் இடுப்பில் சொருகிய முந்தானையை எடுக்கவே இல்லை.

"என் மீனுக்குச் சீக்கு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு அத்தை. உள்ளதான் சீக்கு. அங்க நான் எப்படி விடுவேன்?"

"அப்ப நீயும் உள்ள வர மாட்டே?"

"நான் எப்ப வரேன்னு சொன்னேன்? வாசல்ல வச்சு அன்னிக்கே சொல்லிட்டேனே. எங்கப்பா கொண்டாந்தா கராந்தேன், உங்க தம்பி கொண்டாந்தா நல்ல இடம். அந்தப் பேச்சு இருக்கிற வீட்டுக்குள்ள என் மீனும் வராது, நானும் வர மாட்டேன்."

"அப்ப இங்கேயே கெட!"

"கெடக்கேன். எனக்கு இங்க நல்லாத்தான் இருக்கு."

ஹாலில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பிலோமின்ராஜ் எழுந்தான். பாயைச் சுருட்டினான். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். மாமனைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி, சமையல்கட்டைத் தாண்டி வந்து, விறகு அறையின் நடுவில் தலையணையைப் போட்டான்.

"கரண்டு வந்துடுச்சு போல" என்றாள் அமுதம். சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனுக்கும்தான்.

"டேய்! மந்திரிக்காம..." என்று ஆரோக்கியசெல்வி ஆரம்பித்தாள்.

"ஆயருக்கு எழுதச் சொல்லி இப்பவே சாமியார்கிட்ட போறேம்மா. தலையணை இங்கதான் இருக்கும்."

அப்போதுதான் அடைக்கலராஜ் எழுந்தார். எல்லோரும் பிள்ளையை அடிக்கப் போகிறார் என்றே நினைத்தார்கள். அவர் கண்ணாடித் தொட்டிப் பக்கம் போய்ப் பெட்ஷீட்டை உருவினார். "அவ சொல்றது சரி. தப்பு பண்ணினது நான். எனக்குத் தெரியும், தெரிஞ்சும் முடிச்சை அவுத்தேன். நாப்பது நாள் கராந்தேன். இந்தத் தடவை ஹாலுக்கு." மச்சானிடம் திரும்பி, "கூலிங் கிளாஸைக் கழட்டிட்டு ஒரு கை பிடி. இந்தத் தண்ணியைக் கொட்டணும்" என்றார். அற்புதராஜின் பாஸ்கா சட்டை நாசமாய்ப் போனது. மீன் பார்க்க ஆசைப்பட்ட உறவுக்காரப் பிள்ளைகளெல்லாம் பின்கட்டுக்கு ஓடின. அன்றைக்குப் பிரியாணியே பாதிப் பேருக்கு முற்றத்தில்தான் நடந்தது.

தொட்டியைக் கழுவி, கல்லையும் சிப்பியையும் வெயிலில் காயப்போட்டு, பிறகு புதுக் கடல் தண்ணீர் ஊற்றினார்கள். அமுதம் பின்கட்டில்தான் இருந்தாள், இப்போது புருஷனோடு. சந்துக் கதவு வாசலில் தினமும் கோலம் போட்டாள். ஆயரின் அனுமதி வந்து, ஒரு காலை பூசைக்குப் பிறகு சாமியார் ரெண்டு பேரையும் மந்திரித்தார். அதற்கும் அவள் சந்து வழியாகத்தான் போனாள், சந்து வழியாகத்தான் திரும்பினாள். முன்வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆரோக்கியசெல்வி நாலு தடவை "உள்ள வாயேன்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். பேர் மட்டும் வரவில்லை.

ஹாலின் கராந்தேன் முடிந்த அன்று அடைக்கலராஜ் சவரம் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு, சந்துக் கதவுக்கு வெளியே வந்து நின்று தட்டினார். சொந்த வீட்டுக் கதவை.

"தொட்டி சுத்தமா இருக்கு. மீனைக் கேக்க வந்தேன்."

"சீரா கேக்குறீங்களா மாமா, சும்மா கேக்குறீங்களா?"

"சீராத்தாம்மா."

மறுநாள் நீலமேகமும் கனகாம்பாளும் வந்தார்கள். அதே அண்டா, கழுத்தில் கதம்பம், குங்குமம். வண்ணாத்திகளைச் சிமெண்டுத் தொட்டியிலிருந்து அண்டாவுக்கு மாற்றி, சந்து வழியாக வெளியே கொண்டுவந்து, தெருவைச் சுற்றி, சொல்தா வீட்டு முன்வாசலில் நிறுத்தினார்கள். கப்போரால் தனி வாளியில் பின்னால் வந்தது. தெரு மறுபடியும் வேடிக்கை பார்த்தது. அமுதம் படிக்குக் கீழே, தெருவிலேயே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஆரோக்கியசெல்வி வாசலுக்கு வந்தாள். வராமல் எப்படி? அடைக்கலராஜ் பின்னாலேயே பட்டாளத்துக்காரராக நின்றார். ஒரு குடம் தண்ணீர் தூக்கி அறியாத அம்மாள். கனகாம்பாள் அண்டாவின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கி, "பிடிங்க சம்பந்தி, ரெண்டு கையால" என்று நீட்டினாள். ஆரோக்கியசெல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு ரெண்டு கையாலும் வாங்கினாள். நீலமேகம் தன் பக்கத்துப் பிடியை விட்டார். அதுதான் வழக்கம், கொடுத்த பின் கை வைக்கக் கூடாது. கனகாம்பாளும் விட்டுவிட்டாள்.

அண்டா ஒரு பக்கம் சரிந்தது. தண்ணீர் தளும்பிப் பட்டுப்புடவையை நனைத்தது. மஞ்சள் மீன்கள் விளிம்புக்கே வந்துவிட்டன. அடைக்கலராஜ் பதறிக் கை நீட்டினார். வழியில் ஆரோக்கியசெல்வியே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏய் பொண்ணு! பிடி!"

அமுதம் கட்டின கையை அவிழ்க்கவில்லை. கொட்டினால் அத்தனையும் போச்சு. இருந்தாலும் அசையவில்லை. "தெருவுல எத்தனையோ பொண்ணுங்க நிக்கிறாங்க அத்தை. யாரைக் கூப்பிடுறீங்க?"

"ஏ பாஸ்க..."

"அப்படி யாரும் இங்க இல்ல."

அண்டா இன்னும் சரிந்தது.

"அமுதம்! அடியே அமுதம்! வந்து பிடிடீ, கொட்டப் போவுது!"

அந்தத் தெருவில் பூசைக்கு மணி அடித்தால்கூட அவ்வளவு சத்தம் கேட்காது. அமுதம் பாய்ந்து போய் அண்டாவின் அடியில் கை கொடுத்தாள். மாமியாரும் மருமகளுமாகத் தூக்கிக்கொண்டு படியேறி உள்ளே போனார்கள். வலது காலை வைத்தாளா இடது காலை வைத்தாளா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. அண்டா அவ்வளவு கனம்.